உடைக்குள் மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கு, சென்சார், பேட்டரி என்று எலக்ட்ரானிக்ஸ் சேர்த்த உடைகளைப் பற்றி, ஃபேஷன் டிசைன் பக்கமிருந்து வருபவர்களும் எலக்ட்ரானிக்ஸ் பக்கமிருந்து வருபவர்களும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், வரிசைதான் வேறு. முன்னவர்கள் "ஷாக் அடிக்குமா" என்று தொடங்குவார்கள், பின்னவர்கள் "எத்தனை சென்சார் வைக்கலாம்" என்று. நான் துணியின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதில்களில் அது எப்படியும் தெரியும்.

ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறேன். அதுவும் இதில் சேருமா?

சேரும், ஆனால் ஓரமாக. 2015-இல் ஆப்பிள் வாட்ச் வந்த அதே ஆண்டில் ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சு ஆடம்பர நிறுவனத்தின் தோல் பட்டையோடு ஒரு பதிப்பும் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, நடையை எண்ணும் ஃபிட்பிட் கருவியை மறைத்துவைக்க அமெரிக்க டிசைனர் டோரி பர்ச் ஓர் உலோக வளையல் வடிவமைத்தார். இரண்டிலும் கருவியை ஒருவர் செய்து முடித்துவிட்டார், இன்னொருவர் வந்து மேலே அழகு சேர்த்தார், அவ்வளவுதான். அடுத்த படி, உடையில் கருவிக்கு இடம் ஒதுக்குவது: பாக்கெட்டில் பிளேயர், காலர் வழியாக ஒயர். அதற்கும் அடுத்த படியில் துணியே கருவியின் பாகமாகிவிடுகிறது, நூல் ஒயர் வேலையைப் பார்க்கிறது, பின்னல் சென்சாராகிறது, பிரஸ் பட்டன் பிளக் பாயின்ட் ஆகிறது. இங்கே பெரும்பாலும் பேசப்போவது இந்தக் கடைசி வகையைப் பற்றி. தலைவலியும் அங்கேதான், சுவாரசியமும் அங்கேதான்.

இதெல்லாம் இப்போது வந்த மோகம்தானே?

இல்லை. 1883-இல் நியூயார்க்கில் வாண்டர்பில்ட் குடும்பம் நடத்திய மாறுவேட விருந்துக்கு ஆலிஸ் வாண்டர்பில்ட் "மின்விளக்கு" என்ற பெயர் கொண்ட ஒரு கவுனில் வந்தார், பாரிஸில் வொர்த் நிறுவனம் தைத்தது, கையில் பேட்டரியில் எரியும் விளக்கு. 1956-இல் ஜப்பானின் குடாய் என்ற கலைஞர் குழுவைச் சேர்ந்த அட்சுகோ தனாகா, நிறம் பூசிய பல்புகளையும் குழல் விளக்குகளையும் ஒயரோடு கோத்து உடையாக்கி, தானே அதற்குள் நின்றார். அது கலைப்படைப்பு, கடையில் தொங்கவிட ஆனதில்லை, ஆனாலும் சூடு, எடை, ஒயர் என்று நாம் இன்றும் மல்லுக்கட்டும் மூன்றையும் அந்த அம்மையார் அன்றே உடம்பில் சுமந்து பார்த்துவிட்டார்.

கடைக்கு வந்த சரக்கு என்று பார்த்தால், 2000-இல் லீவைஸும் பிலிப்ஸும் சேர்ந்து விட்ட ஐசிடி பிளஸ் ஜாக்கெட்டைச் சொல்ல வேண்டும். உள்ளே எம்பி3 பிளேயரும் செல்போனும், ஒயர்கள் லைனிங்குக்குள். துவைப்பதற்கு முன் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

துணி எப்படி மின்சாரம் கடத்துகிறது? போட்டுக்கொண்டால் ஷாக் அடிக்காதா?

அடிக்காது. இந்த உடைகள் ஓடுவது 3 முதல் 5 வோல்ட்டில், அந்த அழுத்தத்தில் தோல் எதையும் உணராது. பயப்பட வேண்டியது ஷார்ட் சர்க்யூட்டுக்கு: பாசிட்டிவ் நூலும் நெகட்டிவ் நூலும் ஒரு மடிப்பில் தொட்டுக்கொண்டால் பேட்டரி சூடாகும், லித்தியம் பேட்டரி என்றால் அது விளையாட்டில்லை.

மின்கடத்தும் நூல் பெரும்பாலும் இரண்டு வகை. நைலான் மேல் வெள்ளி பூசியது ஒன்று, துருப்பிடிக்காத எஃகு இழைகளை முறுக்கியது இன்னொன்று. வெள்ளி நூல் மென்மையானது, தையலுக்கு இணங்கும், ஆனால் நாளடைவில் கறுக்கும், உரசலில் பூச்சு உதிரும். எஃகு நூல் கறுக்காது, ஆனால் முடிச்சு நிற்காது, தானாக அவிழும், அதனால் முடிச்சின் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சோ துணிப் பசையோ வைப்பது வழக்கம். நறுக்காமல் விட்ட நூல் நுனிதான் பாதி ஷார்ட் சர்க்யூட்டுக்குக் காரணம், எனவே கத்தரிக்கோலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தையல் இயந்திரத்தில் தைப்பதென்றால் இந்த நூலை, அடியில் நூல் தரும் சின்ன உருளையான பாபினில் சுற்றுங்கள், மேலே சாதாரண நூல் போதும். ஊசிக் கண் வழியாக இழுத்தால் பூச்சும் போகும், நூலும் அறும். பின்னலாடையில் நேர்த்தையல் போட்டால் முதல் முறை துணி நீளும்போதே அறுந்துவிடும், ஜிக்ஜாக் போட்டால் பிழைக்கும். நெய்த துணியென்றால் ஒரு வசதி உண்டு, பாவிலோ ஊடையிலோ ஓர் இழையாகவே இதைச் சேர்த்து நெய்துவிடலாம், தனியாகத் தைக்கவே வேண்டாம்.

இன்னொன்று, நூல் ஒயர் அல்ல. சாதாரண எஃகு நூலில் 30 செ.மீ. நீளத்துக்கு 10 முதல் 16 ஓம் வரை மின்தடை இருக்கும், அதே நீளத் தாமிர ஒயரில் ஒரு ஓம் கூட வராது. ஒரு பொத்தானின் சிக்னலைக் கொண்டுபோகவோ ஒரு சின்ன எல்இடி எரிக்கவோ நூல் போதும். 30 எல்இடி கொண்ட வரிசைக்கு மின்சாரம் கொண்டுபோக அதை நம்பினால், முதல் சில விளக்குகள் மங்கலாக எரியும், கடைசி விளக்கு எரியவே எரியாது. அங்கே சிலிகான் உறை போட்ட மெல்லிய ஒயர்தான் சரி, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

துவைக்கலாமா?

எல்லோரும் கடைசியாகக் கேட்கும் கேள்வி, முதலில் கேட்டிருக்க வேண்டியது.

தண்ணீர் மட்டும் பிரச்சினை என்றால் சமாளிக்கலாம். பேட்டரியைக் கழற்றிய சர்க்யூட் பலகையைக் கையால் நனைத்து, நன்றாக உலர்த்திவிட்டு மறுபடி மாட்டினால் பெரும்பாலும் வேலை செய்யும். உண்மையில் கொல்வது மற்றவைதான்: சலவைத்தூள், சுழலும் டிரம்மில் வரும் முறுக்கல், உலர்த்தியின் சூடு, எல்லாவற்றுக்கும் மேலாக மடங்குதல். மென்மையான துணியும் விறைப்பான பலகையும் சேரும் அந்தக் கோட்டில்தான் ஒவ்வொரு முறையும் விரிசல் விழும். துணி வளையும், பலகை வளையாது, நடுவில் உலோகம் உருக்கிப் பற்றவைத்த சாலிடர் இணைப்பு அடி வாங்கும். அதனால் அந்த எல்லையில் ஒயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, பலகையின் ஓரத்துக்கு அடியில் கொஞ்சம் கெட்டியான கேன்வாஸ் வைத்துத் தைத்தால், விறைப்பு ஒரேயடியாக முடியாமல் படிப்படியாகக் குறையும். சட்டைக் காலரில் தையற்காரர் உள்ளே கேன்வாஸ் வைப்பது மாதிரிதான்.

இந்த விஷயத்தில் பெரிய நிறுவனங்களே தடுமாறியிருக்கின்றன. கூகுளும் லீவைஸும் சேர்ந்து 2017-இல் விற்ற ஜாக்கார்டு ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இடது கை மணிக்கட்டுப் பட்டியில் மின்கடத்தும் நூலை நெய்து, அதைத் தடவினால் பாட்டு மாறும், அழைப்பு எடுக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அழகான வேலை. டெனிம் ஆலையில் துணியின் மேல் நிற்கும் பிசிறுகளைத் தீயில் காட்டிப் பொசுக்குவார்கள், அதையும் தாங்கும்படி அந்த நூலை உருவாக்கினார்கள். பேட்டரியும் ப்ளூடூத்தும் கழற்றக்கூடிய ஒரு சின்னப் பட்டையில். இவ்வளவும் செய்துவிட்டு, சுமார் 10 முறை துவைக்கலாம் என்று சொன்னார்கள். விலை 350 டாலர். ஜீன்ஸ் ஜாக்கெட்டை யாரும் அடிக்கடி துவைப்பதில்லை என்பது நிஜம்தான், ஆனாலும் 10 என்பது கேட்டவுடன் உறுத்தும் எண்.

என் சிபாரிசு இதுதான்: விலையுள்ளதெல்லாம் கழற்றக்கூடியதாக இருக்கட்டும், துணியில் நிரந்தரமாக இருப்பது நூலும் பிரஸ் பட்டனும் மட்டும். பலகையின் அடியில் நான்கு பிரஸ் பட்டன், துணியில் அதற்கு ஜோடி. அதே பட்டன் பிடிப்புமாகும், மின் இணைப்புமாகும். கழற்றி மாட்டும் வேலையை அணிபவர் அரை நிமிடத்துக்குள் செய்ய முடியவில்லை என்றால் அவர் செய்யமாட்டார், அந்த உடை அலமாரியிலேயே தூங்கும்.

பேட்டரியை எங்கே வைப்பது? ஏன் எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது?

முதலில் கணக்கு. நிறம் மாற்றும் எல்இடி ஒன்று முழு வெள்ளையில் எரிய ஏறக்குறைய 60 மில்லிஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். 30 எல்இடி என்றால் 1.8 ஆம்பியர். உடையில் மறைக்கக்கூடிய அளவுள்ள 500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி (அதாவது ஒரு மணி நேரத்துக்கு 500 மில்லிஆம்பியர் தரக்கூடியது) இதைத் தாங்குவதாகவே வைத்துக்கொண்டாலும் 17 நிமிடத்தில் காலி, அதிலும் பெரும்பாலான சிறு பேட்டரிகளை அவ்வளவு வேகமாக உறிஞ்சக் கூடாது. வெளிச்சத்தை 20 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இருட்டில் அந்த 20 சதவீதமே கண்ணைக் கூசும், மேலே ஆர்கன்சா என்ற மெல்லிய, ஊடுதெரியும் துணியைப் போர்த்தினால் இன்னும் அழகு. விளக்கு வைத்த உடை மலிவாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம், எல்லாவற்றையும் முழு வெளிச்சத்தில் விடுவது.

காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை வைத்து இப்படிப்பட்ட வரிசையை எரிக்கலாமா என்று கேட்கிறார்கள். முடியாது. அதில் 220 மில்லிஆம்பியர்-மணி இருந்தாலும் ஒரே நேரத்தில் சில மில்லிஆம்பியர்தான் வசதியாகத் தரும். சாதாரண எல்இடி இரண்டு மூன்று, அதோடு சரி.

இடம் என்று வந்தால் இது முழுக்க முழுக்கத் தையற்காரரின் கேள்வி. எடை துணியை இழுக்கும், இழுத்தால் தொங்கல் கெடும். இடுப்புப் பட்டி, தோள்பட்டைக்குப் பின்புறம், கனமான கீழ்விளிம்பு, இந்த இடங்கள் எடையைத் தாங்கும். உட்காரும்போது அழுந்தும் இடம், வளையும் மூட்டு, அக்குள், இவை கூடாது. தோலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் குறைந்தது ஒரு அடுக்குத் துணியும் காற்றுப் போக வழியும் வேண்டும், நீண்ட நேரத் தொடர்பில் 43 டிகிரியைத் தாண்டும் சூடே தோலைப் புண்ணாக்கும்.

ஒரே பெரிய பேட்டரிக்குப் பதில் பல சின்னவற்றைப் பரப்புவது பழைய உத்தி. 2016-இல் நியூயார்க்கின் மெட் காலா என்ற ஃபேஷன் விழாவுக்காக டிசைனர் ஜாக் போசன் நடிகை கிளேர் டேன்ஸுக்குச் செய்த கவுனில், ஒளியிழை நெய்த ஆர்கன்சாவுக்கு உள்ளே 30 சிறு பேட்டரிப் பொதிகளைத் தைத்திருந்தார்கள். இருட்டில் அது எரிந்த படத்தைப் பார்த்தவர்கள் பேட்டரி எங்கே என்று கேட்கவே இல்லை. அவ்வளவு பெரிய பாவாடை இருந்ததால்தான் அது நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒட்டிய உடையில் அதே வேலையைச் செய்ய முடியாது.

சட்டையே இதயத்துடிப்பு அளக்கிறது என்கிறார்கள். நம்பலாமா?

எந்த முறையில் அளக்கிறது, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்து. கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் அதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கின்றன. கை அசைந்தால், பட்டை தளர்ந்தால், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் தடுமாறும். சட்டையில் வருவது பெரும்பாலும் வேறு முறை: மார்பில் மின்கடத்தும் துணித் துண்டுகள் தொட்டு, இதயத்தின் மின்சிக்னலை நேரடியாக எடுக்கின்றன. காய்ந்த தோலில் இது ஆரம்பத்தில் உளறும், கொஞ்சம் வியர்த்ததும் சரியாகும், அதனால்தான் அணியும் முன் அந்த இடத்தை நனைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். துண்டு நழுவினால் எண்ணும் நழுவும். ஆக இங்கே துல்லியம் என்பது பாதி பேட்டர்ன் வெட்டும் வேலை: எந்த அளவு உடம்புக்கும் மார்புப் பட்டி ஒரே அழுத்தத்தில் உட்கார வேண்டும், மூச்சும் முட்டக் கூடாது. ஒரே மென்பொருள், ஒரே சென்சார், ஆனால் சட்டையின் அளவு ஒரு சைஸ் பெரிதானதால் குப்பையான தரவு, இதை எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் தாமதமாகத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த யோசனைக்கும் வயதாகிறது. 1996-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் ஜெயராமனின் குழு, அமெரிக்கக் கடற்படையின் நிதியில், ஒளியிழையும் கடத்தும் இழையும் உள்ளே ஓடும் ஒரு பனியனை நெய்தது. குண்டு பாய்ந்தால் இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும், வீரரின் உடல்நிலையைக் கவனிப்பதும் நோக்கம்.

நோய் பார்க்கிறது என்று விற்றால் சட்டம் வேறு. குழந்தைகளுக்கான ஆவ்லெட் காலுறை நாடித்துடிப்பும் ஆக்சிஜனும் அளந்தது, 2021 அக்டோபரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை மருத்துவச் சாதனமாகத்தான் பார்க்க வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, விற்பனை நின்றது, முறையான அனுமதி 2023-இல்தான் கிடைத்தது.

ஃபேஷன் ஷோவில் தானாகத் திறந்து மூடும் உடைகள் எல்லாம் வெறும் வித்தைதானா?

வித்தைதான், அதில் தப்பில்லை. டிசைனர் ஹுசைன் சலாயனின் 2007 வசந்தகாலத் தொகுப்பில் ஒரு மாடல் அசையாமல் நிற்க, அவர் மேல் இருந்த உடை தானாகவே கீழ்விளிம்பு ஏறி, கழுத்து திறந்து, ஒரு காலத்தின் பாணியிலிருந்து இன்னொரு காலத்துக்குப் போனது. உள்ளே இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கார்செட்டில் குழாய்கள், அவற்றுக்குள் இழுகம்பிகள், சின்ன மோட்டார்கள். சில நிமிடம் தாங்கினால் போதும் என்ற கணக்கில் செய்தது. அதை ஒரு வருடம் அலுவலகத்துக்குப் போட்டுப் போகலாமா என்று கேட்பதே தப்பு. நான் அந்தக் காட்சியில் ரசிப்பது மோட்டாரை அல்ல, அத்தனை கம்பிக்கும் மேலே துணி சுருங்காமல் விழுந்ததை. 2009-இல் சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்துக்காக கியூட்சர்க்யூட் நிறுவனம் செய்த கேலக்ஸி உடையில் 24,000 எல்இடிகள் இருந்தன, அதுவும் காட்சிக்கானதுதான். எதைக் காட்சிக்குச் செய்கிறோம், எதை அணியச் செய்கிறோம் என்று முதல் நாளே முடிவெடுத்துவிட்டால் போதும், குழப்பமெல்லாம் இரண்டையும் ஒரே உடையில் எதிர்பார்ப்பதால் வருகிறது.

முப்பரிமாண அச்சில் எடுத்த உடையும் இந்த வகையா?

இல்லை. அது செய்முறை. அணிந்த பிறகு அது எதையும் உணர்வதும் இல்லை, செய்வதும் இல்லை.

இவ்வளவு நல்ல யோசனைகள் இருந்தும் ஏன் கடைகளில் நிலைக்கவில்லை?

துவைக்கும் பிரச்சினையும் பேட்டரியும் மேலே சொல்லியாயிற்று. மூன்றாவது காரணம், உடையின் ஆயுளும் ஆப்பின் ஆயுளும் ஒத்துப்போகவில்லை. நல்ல ஜாக்கெட் பத்து வருடம் வரும். அந்த ஜாக்கார்டு ஜாக்கெட்டுக்கான ஆப்பை 2023-இல் கூகுள் நிறுத்தியது, ஆறு வருடம் ஆகியிருந்தது. ஜாக்கெட் இன்னும் நன்றாகத்தான் இருக்கும், மணிக்கட்டைத் தடவினால் எதுவும் நடக்காது. நைக்கியின் அடாப்ட் காலணி தானாகக் கயிறு இறுக்கும், 2019-இல் விலை 350 டாலர் (அதே எண், யார் வைத்த ராசியோ). வந்த சில நாளிலேயே ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் சிலருக்கு ஒரு கால் மட்டும் போனோடு இணையாமல் போனது. 2024-இல் அந்த ஆப்பையும் விலக்கிக்கொண்டார்கள். நல்லவேளையாகக் காலணியிலேயே பட்டன் இருந்தது.

வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: போன் இல்லாமல் இது என்ன செய்யும்? பதில் "ஒன்றும் செய்யாது" என்றால், அதன் ஆயுள் உங்கள் கையில் இல்லை.

அரிப்பு, அலர்ஜி வருமா?

சிலருக்கு வரும். 2014-இல் ஃபிட்பிட் ஃபோர்ஸ் பட்டை திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணமே தோல் அழற்சிதான், உலோகத்தில் இருந்த நிக்கலோ ஒட்டப் பயன்படுத்திய பசையோ ஒத்துக்கொள்ளவில்லை. தோலில் படும் பக்கம் நிக்கல் இல்லாத பிரஸ் பட்டன் போடுங்கள், இல்லையென்றால் லைனிங் கொடுங்கள்.

விமான நிலையத்துக்கு அணிந்து போகலாமா?

கடையில் வாங்கியது பிரச்சினையில்லை, தனியாக வைத்திருக்கும் லித்தியம் பேட்டரி மட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. கையால் செய்து ஒயர் வெளியே தெரிகிற உடையென்றால் தயவுசெய்து வேண்டாம். 2007-இல் பாஸ்டன் லோகன் விமான நிலையத்துக்கு, மேலாடையில் சர்க்யூட் பலகையும் எல்இடியும் 9 வோல்ட் பேட்டரியும் வைத்துப் போன ஓர் எம்ஐடி மாணவியைத் துப்பாக்கி முனையில் கைது செய்தார்கள். நட்சத்திர வடிவ விளக்கு, அவ்வளவுதான் அது.

என் உடை என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லுமா?

ஆப்போடு இணைந்தது எதுவும் சொல்லும். ஓட்டத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா ஆப் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை, பெயரில்லாமல், ஒரே உலக வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் பார்த்தால் பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் மின்னிக்கொண்டிருந்தன. பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். டிசைனர் என்றால், வெளியே அனுப்பத் தேவையில்லாததை உடையிலேயே கணக்கிட்டு அங்கேயே மறந்துவிடும்படி செய்யுங்கள். முதுகு வளைந்தால் தோளில் அதிர வேண்டிய சட்டைக்கு இணையம் எதற்கு?

பழசானதும் எங்கே போடுவது?

கெட்ட கேள்வி, நல்ல பதில் குறைவு. துணியை மறுசுழற்சி செய்பவர்களுக்கு உலோகம் வேண்டாம், மின்கழிவை எடுப்பவர்களுக்குத் துணி வேண்டாம். இரண்டையும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒட்டிச் செய்தால் அது இரண்டு பக்கமும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி விதிப்படி, 2027 பிப்ரவரியிலிருந்து சிறு கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்ற முடிய வேண்டும், சில விலக்குகளோடு.

ஃபேஷன் படிக்கிறேன், புரோகிராமிங் தெரியாது. எங்கிருந்து தொடங்க?

தைக்கத் தெரியுமென்றால் பாதி தெரியும். லியா பூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த லில்லிபேட் ஆர்டுயினோ (ஆர்டுயினோ என்பது நிரல் எழுதி இயக்கும் சின்ன சர்க்யூட் பலகை) உங்களுக்காகவே செய்தது, பூ வடிவப் பலகை, ஓரத்தில் ஊசி நுழையும் துளைகள். வழக்கமான ஆர்டுயினோ பக்கம் பெண்கள் மிகக் குறைவாக இருந்த நேரத்தில், இதைக் கொண்டு செய்தவர்களில் பெண்களே அதிகம். முதல் உடையில் நிரலே வேண்டாம்: ஒரு எல்இடி, ஒரு காசு பேட்டரி, ஒரு பிரஸ் பட்டன். காலரை மூடினால் விளக்கு எரியட்டும். பட்டன்தான் சுவிட்ச். அது ஒரு மாதம் போட்டும் வேலை செய்தால் அப்புறம் சென்சார், அப்புறம் நிரல்.

நான் எலக்ட்ரானிக்ஸ் ஆள். டிசைனரோடு சேர்ந்து வேலை செய்ய ஏதாவது அறிவுரை?

பலகையோடு போகாதீர்கள். பலகையை முடித்துவிட்டு "இதை எங்கே வைக்கலாம்" என்று கேட்டால் கிடைக்கும் பதில் எப்போதும் "பாக்கெட்டில்". அதற்குப் பதில் பலகை, பேட்டரி, சுவிட்ச் ஒவ்வொன்றின் அளவிலும் அட்டை வெட்டி, அதே எடைக்கு உள்ளே நாணயம் வைத்து ஒட்டி, மாதிரி உடையில் ஊக்கு குத்தி, ஒருவரை ஒரு நாள் முழுக்க அணியச் சொல்லுங்கள். உட்காரட்டும், பையை மாட்டட்டும், படியேறட்டும், கழிவறைக்குப் போகட்டும். மாலையில் அவர் எந்த அட்டை உறுத்தியது, எது கழன்று விழுந்தது, எது இருந்ததே தெரியவில்லை என்று சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு சர்க்யூட் வரைய உட்காருங்கள்.